குதிரைக்குப் பெரும்பான்மை எதற்கு?

பெரும்பான்மை இல்லாமல் ஆளும் கலையை 1892-ல் பிரிட்டனில் அமைந்த லிபரல் அரசிடம்தான் கற்க வேண்டும். அயர்லாந்து உறுப்பினர்கள் தயவில் ஆட்சி. அவர்கள் கேட்ட தன்னாட்சி மசோதாவையோ பிரபுக்கள் சபை, 419-க்கு 41 என்று, சட்டமாகிவிடாமல் காப்பாற்றிக் கொடுத்தது. 84 வயதில் பிரதமர் கிளாட்ஸ்டன் விலக, அமைச்சர்கள் அழுதார்கள். அடுத்துப் பிரதமரான ரோஸ்பரியும் நிதியமைச்சர் ஹார்கோர்ட்டும் பேச்சைக் குறைத்துக் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாமல் செய்தார்கள். என்ன நிர்வாகத் திறமை!

சாதனை இல்லை என்பது வீண்பழி. 1894, 1895 இரண்டு ஆண்டும் டெர்பி பந்தயத்தில் ரோஸ்பரியின் குதிரைகளே முதலிடம்.

1895 ஜூனில், வெடிமருந்துக் கையிருப்பு போதாது என்று மக்கள் சபை 7 வாக்கு வித்தியாசத்தில் அரசைத் தோற்கடித்தது. ராஜினாமாதான் வழி என்பதில் மட்டும் ரோஸ்பரியும் ஹார்கோர்ட்டும் ஒருமனதானார்கள்.