ஐந்தாம் சில்லின் இன்மை: ஓர் அளவையியல் ஆய்வு

மின்சாரக் காரில் மாற்றுச் சில்லு இல்லை என்பதை உலகம் அறியும். அந்த ‘இல்லை’ எவ்வகை இல்லை என்பதைத்தான் இதுவரை ஒருவரும் ஆராயவில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல். பாயிரத்துக்கு உரியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். விட்டால் பெரியவர்கள் கோபிப்பார்கள். களம்: மொன்றியலிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலை 20 இன் ஓரம். காலம்: ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை, காலை ஒன்பதரை. காரணம்: 500 கிலோமீற்றருக்கு அப்பால் ஸ்காபரோவில், மாலை ஐந்து மணிக்கு ஒரு கலியாணம். கேட்போர்: என் மனைவி, மூன்று சேலைப் பெட்டிகள், ஒரு வாளி பயத்தம் பணியாரம். பயன்: பின்னர் கூறப்படும், கூறப்படாமலும் போகலாம்.

முதற்கண் சொல். யாழ்ப்பாணத்தார் சில்லு என்பதைத் தமிழகத்தார் சக்கரம் என்பர். காரில் உபரியாகக் கிடப்பதை அவர்கள் ஸ்டெப்னி என்பது என்னை எனின், வேல்ஸ் நாட்டு லனெலி என்ற ஊரின் ஸ்டெப்னி வீதியில் டேவிஸ் சகோதரர் 1904 இல் அதை ஆக்கி விற்றமையான் என்க. கம்பியில்லாத ஒரு வளையம், அதன்மேல் காற்றடைத்த ரயர். காத்துப் போன சில்லைக் கழற்றாமலே அதனோடு பூட்டி வீடு போய்ச் சேரலாம். வீதியின் பெயர் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. பிரேசிலுக்கும் போய் ‘எஸ்தெப்பி’ ஆனது. சென்னையில் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. குடும்பத்தோடு படிக்கும் ஆய்வாதலின் அது விடப்பட்டது.

கியூபெக்கில் பிரெஞ்சு மொழியைப் பார்த்துக்கொள்ள 1961 முதல் ஓர் அரசு அலுவலகமே இருக்கிறது. மின்னஞ்சலுக்கு ‘கூரியெல்’ என்ற சொல்லைப் பரப்பியதில் அதற்குப் பெரும் பங்கு. மாற்றுச் சில்லை இங்கே ‘உதவிக்கான சில்லு’ என்ற பொருளில் வழங்குவர். சில்லு போய்விட்டது, சொல் நலமாக இருக்கிறது. நம்மவருக்கோ மாற்றுச் சில்லா, உபரிச் சில்லா, துணைச் சக்கரமா என்று தீர்மானிக்கவே இரண்டு மாநாடு வேண்டும். முதல் மாநாட்டில் குத்துவிளக்கு ஏற்றி, வந்தோரை வரவேற்று முடியும்போது மதியச் சாப்பாடு வந்துவிடும்.

இனிப் பொருள். இன்மை நான்கு வகைப்படும் என்பது அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகம். அதைத் தமிழில் தந்தவர் சிவஞான முனிவர். முன்னபாவம், அழிவுபாட்டபாவம், முழுதுமபாவம், ஒன்றினொன்றபாவம். நான்கும் என் டிக்கிக்குள் இருந்தன என்பதே இவ்வாய்வின் துணிபு.

முன்னபாவம், ஒரு பொருள் தோன்றுவதற்கு முந்திய இன்மை. 1904 க்கு முந்திய கார்கள் இதற்குக் காட்டு. 1899 இல் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டிய முதற் கார் மின்சாரத்தில்தான் ஓடிற்று. அதன் பிரெஞ்சுப் பெயருக்கு ‘ஒருபோதும் மனநிறைவு கொள்ளாதவள்’ என்று பொருள். பெயர் வைத்தவர் தீர்க்கதரிசி.

அழிவுபாட்டபாவம், இருந்து அழிந்ததன் பின் வரும் இன்மை. என் வலப்பக்க முன் ரயரின் காற்று. மொன்றியல் வீதிகளில் நீர் வெடிப்புக்குள் இறங்கி, இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகி, மறுபடி உறைந்து, மார்ச் ஏப்ரலில் வீதியைப் பள்ளமாக்கிவிடும். அந்தப் பள்ளத்துக்கு இங்குள்ளோர் வைத்த பெயர் ‘கோழிக்கூடு’. கோழியைக் கண்டார் இலர். நான் விழுந்தது தீக்கோழியினது என்று கருத இடமுண்டு (என் மனைவி, வாய்மொழி).

ஒன்றினொன்றபாவம், குடம் துணி அன்று, துணி குடம் அன்று என்பது போல்வது. அற்றேல், டிக்கியில் ஒரு சிறு கொம்பிரசரும் வெள்ளைப் பசை நிறைந்த போத்தலும் இருந்தனவே, அவை மாற்றுச் சில்லின் தானத்தில் நின்றன ஆகாவோ எனின், ஆகா. போத்தல் சில்லு அன்று. ஆணி குத்திய சிறு துளையை அப்பசை அடைக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் அடைக்காது. என் ரயர் கிழிந்தது பக்கச் சுவரில், பெருவிரல் நீளத்துக்கு. இதை அறியாமல் நான் பசையை ஏற்றினேன். ஏற்றிய பசை முழுதும் கிழிசல் வழியே வெளிப்பட்டு நெடுஞ்சாலையை அடைந்தது. போத்தலில் காலாவதித் திகதியும் உண்டு. பால்மாப் பேணியைப் போலவே (மனைவி, மேலது, குரல் உயர்ந்த பதிப்பு).

இனி முழுதுமபாவம். இங்கேதான் ஆய்வு விரியும்; அவசரக்காரர் ஸ்காபரோவுக்குப் போகலாம்.

தரையில் குடம் இல்லை என்பது நூலோர் தரும் காட்டு. அங்கே குடத்தின் இன்மையை நாம் எப்படி அறிகிறோம்? கண்ணாலேயே காண்கிறோம் என்பர் நையாயிகர். அல்ல, அதற்குத் தனி அளவை உண்டு என்பர் பாட்ட மீமாஞ்சகர். மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையிலும் அபாவம் ஓர் அளவையாக எண்ணப்படும். பல நூற்றாண்டாகத் தீராத வழக்கு. தீராமைக்குக் காரணம், வழக்காடியவர்களில் ஒருவரும் டிக்கியைத் திறந்து பார்க்காமை.

நான் திறந்தேன். அப்போது மாமா தொலைபேசியில் இருந்தார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாதபோது மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார் ஓட்டியவர். ஆதலின் ஆப்த வாக்கியம்.

“தம்பி, டிக்கிக்குள்ள கம்பளத்தைத் தூக்கு. கீழ ஒரு மூடி இருக்கும்.”

“தூக்கிட்டன் மாமா.”

“அதுக்குக் கீழதான் சில்லு.”

“அதுக்குக் கீழ பற்றறி மாமா.”

“அப்ப பற்றறிக்குக் கீழ பார்.”

“அதுக்குக் கீழ ரோட்டு.”

மாமா சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அப்ப என்ன விசருக்கு அதை வாங்கினனீ?” என்றார் (மாமா, தொலைபேசி உரை, இரண்டாம் அழைப்பு, நான்காம் நிமிடம், மூன்றாம் அழைப்பில் இவ்வரி இல்லை, பிற்காலத்தார் நீக்கியிருக்கலாம், ஆறாம் அழைப்பில் மாமி குரலில் ஒரு பாடபேதம் உண்டு, அது அச்சேறத் தக்கதன்று).

பற்றறி தரை முழுதும் படுத்துக்கொண்டது ஒரு காரணம். மாற்றுச் சில்லும் ஜக்கும் சாவியும் சேர்ந்தால் ஏறக்குறைய இருபது கிலோ வரும். பாரம் குறைந்தால் ஒரே சார்ஜில் ஓடும் தூரம் கொஞ்சம் கூடும், செலவும் குறையும் என்பது இன்னொரு காரணம். பெற்றோல் கார்களிலும் சில்லு மறைந்து வருகிறது. ஆனால் மின்சாரக் காரில் அது மறைவதற்குப் பெருமிதமான ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. ‘உங்கள் வசதிக்காக’ என்று கைந்நூலில் இருந்தது. பாரம் குறைக்க வேண்டுமென்றால் கைந்நூலையே எடுத்திருக்கலாம். அது 400 பக்கம்.

இதில் ஓர் ஐயம். முழுதுமபாவம் என்பது இடம் பற்றியது. டிக்கி என்ற தரையில் சில்லு இல்லை, சரி. ஆனால் எங்கள் வீட்டு நிலவறையில் அப்போது நான்கு சில்லுகள் இருந்தன. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். மீறினால் 200 முதல் 300 டொலர் வரை தண்டம். ஆகவே மொன்றியலில் கார் வைத்திருப்பவன் எல்லாம் எட்டு ரயருக்குச் சொந்தக்காரன். நான் றிம்மோடு சேர்த்தே வாங்கியவன், அவ்வாரம்தான் மாற்றியிருந்தேன். எட்டுச் சில்லை உடையவன் ஐந்தாம் சில்லு இல்லாமல் வீதியில் நிற்றல் எவ்வகை அபாவம்? நான்கிலும் அடங்காது. இதற்கு ஐந்தாவதாக ஒன்றை வகுத்து ‘வீட்டிலிருத்தலபாவம்’ எனப் பெயரிடுகிறேன். முன்னோர் இதைக் கூறாமைக்குக் காரணம், அவர்கள் நாட்டில் பனி பெய்யாமை.

இவ்வபாவத்தின் உட்பிரிவுகள் பதினொன்று. அவற்றுள் ஒன்பது குடைக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் உரியன, உய்த்துணர்க. பத்தாவது, சில்லு கையில் இருந்தும் ஜக் இல்லாமை. ஜக் இருந்தாலும் கண்ட இடத்தில் கொடுத்துத் தூக்கினால் பற்றறி பழுதாகும். அதற்கென்று குறித்த நான்கு இடங்களில்தான் கொடுக்க வேண்டும். பதினோராவது, இவையெல்லாம் இருந்தும் டிக்கியில் இடமில்லாமை; அது பெட்டி பற்றியது, என் வரம்புக்கு அப்பாற்பட்டது (மனைவி, முன் இருக்கை மௌனம், முழுத் தொகுதி; ஒரு சொல்லும் இன்றி மூன்று மணி நேரம் நீளும் இந்நூலுக்கு நிகரான உரைநூல் தமிழில் இல்லை; ஓரிடத்தில் மட்டும் “நல்லாப் படிச்சனீங்கள்” என்ற இடைச்செருகல் காணப்படும், அதை மூலபாடம் என்றே நான் கொள்கிறேன்).

மூன்று மணி நேரம் என்றது இழுவை வண்டி வரப் பிடித்த காலம். தொல்காப்பியர் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் நகர்த்துவோர்க்கு அது ஒரு பொருட்டன்று. வந்தவர் பிரெஞ்சுக்காரர். டிக்கியை எட்டிப் பார்த்தார், தோளைக் குலுக்கினார். அபாவத்தைக் கண்ணாலேயே காணலாம் என்பதற்கு அத்தோள் சான்று, நையாயிகர் வென்றனர். கார் தட்டில் ஏற, நாங்கள் அவர் பக்கத்தில் ஏறி, வந்த வழியே மொன்றியலுக்குத் திரும்பினோம். கலியாணத்தைக் கைபேசியில் பார்த்தோம். பயத்தம் பணியாரத்தில் நான்கை அவர் தின்றார்.

அடுத்த கலியாணம் ஜூனில் வந்தது. இம்முறை நிலவறையிலிருந்து குளிர்காலச் சில்லொன்றைச் சுமந்து வந்தேன். டிக்கியில் பெட்டிகள் இருந்தன, அவை அசையா. ஆகவே சில்லைப் பின் இருக்கையில் நிமிர்த்தி வைத்தேன். வீதியில் இறங்கியதும் கார் கத்தத் தொடங்கியது: பின்னால் இருப்பவர் பெல்ற் போடவில்லையாம். நிறுத்தி, இறங்கி, சில்லுக்குப் பெல்ற் மாட்டிவிட்டேன். கத்தல் நின்றது.

ஸ்காபரோ மண்டப வாசலில் இறங்கியபோது மாமா கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார்.

“ஆர் தம்பி அது, பின்னால?”

“மொன்றியலில இருந்து வந்தது மாமா.”

“இறங்கச் சொல்லன், சாப்பிட.”