ஓடினால் கவலை

யாழ்ப்பாணத்தில் எந்தக் குறிச்சிக்குப் போனாலும் ஒரு திருத்தல்காரர் இருப்பார். கடை வைத்துத் திருத்துகிறவரைச் சொல்லவில்லை. கடைக்காரர் காசு வாங்குவார், திங்கட்கிழமை தருவதாகச் சொல்லி வியாழக்கிழமை தருவார். நான் சொல்பவர் காசு வாங்கமாட்டார். சாமானையும் திருப்பித் தரமாட்டார். வாத்தியாராகவோ ஓவசியராகவோ தபாலதிபராகவோ இருந்து பென்சன் எடுத்தவர். சேட்டுப் பையில் பேனை இருக்க வேண்டிய இடத்தில் ரெஸ்ரர் இருக்கும்.

கலியாண வீட்டில் அவர் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார். மாப்பிள்ளை வந்திறங்கிய பழைய ஒஸ்ரின் ஏ-40 காரின் பொனற்றைத் திறக்கச் சொல்லி, தலையை உள்ளே விட்டபடி நிற்பார். தாலி கட்டி முடிந்து பந்தியும் முடிந்திருக்கும். செத்த வீட்டிலும் அப்படித்தான். எல்லோரும் செத்தவரைப் பார்த்து அழ, அவர் சுவரில் நின்றுபோயிருக்கும் மணிக்கூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அன்றைக்கே கழற்றிக்கொண்டு போன மணிக்கூடு எட்டுச் செலவுக்கு வராது, அந்தியேட்டிக்கும் வராது. ஆட்டைத் திவசத்துக்கு வந்து சேரும், சின்ன முள் இல்லாமல்.

இந்தச் சாதியின் சிகரம் எங்கள் குறிச்சியில் இருக்கிறார். மற்றவர்களுக்கு ரேடியோ, கார், மணிக்கூடு. இவருக்கு ஒரு சாண் நீளமான மின்சார ரயில் எஞ்சின். லண்டனில் படித்துவிட்டு வந்த பெரியப்பா கொண்டுவந்து கொடுத்தது. இங்கிலாந்தின் ட்ரையாங் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் விற்ற 'எலெக்ட்ரா' அது. கூரையிலுள்ள கையைத் தூக்கி மேல்கம்பியிலிருந்தே கரண்ட் எடுத்து ஓடக்கூடியது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையில் 1500 வோல்ட்டில் ஓடிய நிச எஞ்சினை 76இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தார்கள். அந்த நிச எஞ்சின்கள் ஏழையும் பிரித்தானியர் 1969இல் ஒல்லாந்துக்கு விற்றுவிட்டார்கள். இந்தச் செய்தியைச் சொல்லும்போதெல்லாம் இவர் முகம் சிவக்கும்: "வித்துப்போட்டாங்கள். திருத்தத் தெரியாதவன்தான் விப்பான்."

இலங்கையில் இன்றுவரை ஒரு முழ நீளத்துக்குத்தானும் மின்சார ரயில்பாதை கிடையாது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் முதற்கோச்சி ஓடியது நீராவியில். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது டீசல் காலம் வந்துவிட்டது. ஆகவே நாட்டின் மின்சார ரயில்வே முழுவதும் தன் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது என்ற பொறுப்புணர்ச்சி இவருக்கு உண்டு. அந்த மேசையில் யாரும் சாப்பிட்டதாக வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

சரித்திரமும் இவர் கையில் ரயிலோடுதான் வரும். கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954 தொடக்கம் கனடா நமக்கு டீசல் எஞ்சின்கள் தந்தது. அல்பேட்டா, சஸ்கச்சுவான், மனிற்றோபா என்று பலவற்றுக்குக் கனடாவின் மாகாணப் பெயர். "அவங்கள் தங்கட மாகாணங்களை இஞ்சை அனுப்பினாங்கள். நாங்கள் எங்கட சனத்தை அங்கை அனுப்பினம். கணக்குச் சரி" என்பார். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் இதைக் கேட்டு எந்தப் பக்கம் சிரிப்பதென்று தெரியாமல் நின்றது.

1990 ஜூனில் போர் மூண்டு கோச்சி நின்றது. பின்னாலேயே கரண்டும் நின்றது. பற்றரிக்குத் தடை, பெற்றோலுக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குக் கியூ. ஊருக்கே இருண்ட காலம். இவருக்கு அதுதான் பொற்காலம். ஜாம் போத்தலில் பஞ்சும் திரியும் போட்டு விளக்கு, இரண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற கார், சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து டைனமோவில் கேட்கிற ரேடியோ என்று எந்த வீட்டிலும் இவருக்கு வேலை இருந்தது. "அண்ணை இருக்கிறாரோ?" என்று படலையில் ஆட்கள் காத்து நின்ற நாட்கள் அவை. இரவில் அந்த டைனமோவின் ஆறு வோல்ட்டை நான்கு டயோட்டுகளால் நேர்மின்னாக்கி எலெக்ட்ராவுக்குக் கொடுத்தார். பன்னிரண்டு வோல்ட்டில் ஓட வேண்டியது ஆறில் ஊர்ந்தது. ஊர்த் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய்விட்ட அந்த வருசங்களில் குடாநாட்டில் சேவையில் இருந்த ஒரே கோச்சி அதுதான் என்பது அவர் கொள்கை. எரிபொருள், மூத்த மகனின் கால். தமிழோசைக்கு நேரமானதும் ரயில் சேவை நிறுத்தப்பட்டு மின்சாரம் ரேடியோவுக்குத் திருப்பப்படும். கால் மட்டும் மாறாது.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது மனிசி தாலிக்கொடியையும் காணி உறுதியையும் எடுத்தா. இவர் மலிபன் பிஸ்கட் தகரத்தை எடுத்தார். நாவற்குழிப் பாலத்தடியில், பிள்ளையைத் தோளில் போட்டிருந்த ஒருவர் தகரத்தைக் கண்டு, "அண்ணை, பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்" என்று கேட்டார். வேறு வழியில்லாமல் திறந்து காட்டினார். கேட்டவர் உள்ளே கிடந்த எஞ்சினைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் தன் பாணில் பாதியைப் பிய்த்து இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாண நிலையத்துக்குக் கோச்சி திரும்பி வந்தது. சனம் அழுதது, கை தட்டியது, ரயிலைத் தொட்டுக் கும்பிட்டது. இவர் பிளாற்போமில் குந்தியிருந்து அடியில் எட்டிப் பார்த்தார். "கொங்கிறீட் சிலிப்பர் போட்டிருக்கிறாங்கள், ஆட்டமில்லை" என்று ஏதோ ஒரு குறை சொல்லும் குரலில் சொன்னார்.

இவர் வேலை செய்வதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். மோட்டாரின் நடுவில் சுற்றுகிற ஆமேச்சரை உருவி எடுத்தால் அந்தப் பழைய காந்தம் வெறுமையாக நிற்கும். அப்படியே விட்டால் அதன் பலம் இறங்கிவிடும். ஆகவே ஒரு கையால் ஆமேச்சரை இழுக்க இழுக்க மற்றக் கையால் ஓர் இரும்புத் துண்டை அதே வேகத்தில் உள்ளே தள்ளுவார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக்கூடாது. கொமியூட்டேற்றரின் மூன்று செப்புத் துண்டுகளுக்கு நடுவே காபன் தூள் அடைந்திருக்கும். அதை ஊசியால் தோண்டினால் செப்பில் கீறு விழும் என்று ஈர்க்கைச் சீவித் தோண்டுவார். பிறகு அதே ஈர்க்கு நுனியால், மனிசியின் தையல் மெசின் எண்ணெயில் ஒரு துளி. இரண்டாவது துளி விழுந்தால் அது காபனில் ஊறிப் பசையாகி எஞ்சினை நிறுத்திவிடும். இவ்வளவு கணக்காகச் செலவழித்தும் எண்ணெய்ப் போத்தல் எப்போதும் இவரிடம்தான். மனிசியின் மெசின் கீச்சிட்டுக்கொண்டு கிடக்கிறது. மேல்கம்பியோ எரிந்துபோன தண்ணீர்ப் பம்பின் சுருளிலிருந்து உருவியது. அதிலுள்ள வார்னிஷ் கரண்டை விடாது என்பதால் முழுவதையும் பிளேட்டால் சுரண்டினார். அந்த மாதம் அவர் முகச்சவரம் செய்யவில்லை.

ஊர்க்கோயில் திருப்பணியைப் போல இதுவும் முடிவதில்லை. காசும் அதைப் போல வெளியிலிருந்துதான் வரும். ஸ்பிறிங் லண்டன் மச்சான் உபயம், சில்லு சூரிச் சகலன் உபயம். எல்லாம் பிஸ்கட் தகர மூடியின் உட்புறத்தில் பெயர்போட்டு எழுதப்பட்டிருக்கிறது. அனுப்பியவர்கள் ஊருக்கு வந்தால் முதலில் கோயிலில் தங்கள் பெயரைப் பார்ப்பார்கள், பிறகு இங்கே வந்து மூடியைப் பார்ப்பார்கள்.

போன நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோ மருமகன் வந்தான். வரும்போது புதுத் தண்டவாளமும் கட்டைவிரல் நகமளவு டிக்கோடர் ஒன்றும் கொண்டுவந்தான்.

"மாமா, இனித் தண்டவாளத்தில எப்பவும் முழுக் கரண்ட் நிக்கும். ஓடு, நில்லு, லைற்றைப் போடு எண்டு கட்டளையும் அதே தண்டவாளத்தாலதான் போகும். இந்தச் சிப் அதை வாசிச்சு மோட்டருக்குச் சொல்லும்."

"கட்டளையை ஆர் அனுப்புறது?"

"போனில இருந்து நான்தான். நெற் இருந்தா அங்கையிருந்தும் அனுப்பலாம்."

"அப்ப றைவர் ரொறன்ரோவில, எஞ்சின் இஞ்சை. பறவாயில்லை தம்பி, ஊரில மற்றக் காரியமெல்லாம் இப்ப அப்பிடித்தான் நடக்குது."

வேலை தொடங்கியது. பழைய சில்லின் விளிம்பு ஆழம் கூட. புதுத் தண்டவாளத்தில் ஓட விட்டால் துள்ளியது. எஞ்சினைக் கவிழ்த்து, சில்லைச் சுழலவிட்டு, அரத்தைப் பிடித்து விளிம்பைத் தேய்த்தார். அடுத்தது டிக்கோடர். இந்த மாதிரிப் பழைய மோட்டாரில் காபன் ஒன்று நேரே இரும்புச் சட்டத்தோடு தொடுசலில் இருக்கும். அதைப் பிரித்து உறை போடாமல் கரண்ட் கொடுத்தால் டிக்கோடர் புகைந்துவிடும். அதற்கென்று விற்கிற உறையை மருமகன் ரொறன்ரோவில் மறந்துவிட்டு வந்திருந்தான். இவர் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம். ஒரு வயர்த் துண்டை உரித்து, செப்பை எறிந்துவிட்டு, தோலை ஸ்பிறிங்கில் செருகினார். பொருளாதாரத் தடைக் காலத்துச் சிரிப்பு ஒன்று வந்து போனது.

மருமகன் போனைத் தட்டினான். எலெக்ட்ரா முன்விளக்கைப் போட்டு, துள்ளாமல், முனகாமல், மேசையைச் சுற்றி ஓடியது. மனிசி கை தட்டினா. அயல் பெடியள் படம் எடுத்தார்கள். இவர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைசிச் சுற்று வரை ஏதாவது சத்தம் வருமா என்று காது கொடுத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் வரவில்லை. அன்றிரவு இரண்டு இடியப்பத்தோடு எழும்பிவிட்டார்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை. ஓடுது."

மருமகன் கனடா போய்ச் சேர்ந்ததும் அவனுக்கு ஓர் ஆசை, அங்கிருந்து ஓட்டிப் பார்க்க. கட்டளை அனுப்பினான், அசைவில்லை. வாட்ஸ்அப்பில் அழைத்தான். இவர் குரலில் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது.

"மாமா, எஞ்சின் ஓடேல்லையோ?"

"அது நல்லா ஓடினது தம்பி. இப்ப முழுக்கக் கழட்டி வைச்சிருக்கிறன்."

"ஓடினதை ஏன் மாமா கழட்டினீங்கள்?"

"ஏன் ஓடினதெண்டு பாக்கத்தான்."