லூஸ் கான்டாக்ட் அண்ணன்

தண்டையார்பேட்டையில் பெடல்போர்டு அண்ணனைத் தேடுகிறவர்கள் மேடையில் நிற்பவர்களை விட்டுவிட்டுப் படுத்திருப்பவரைப் பார்க்க வேண்டும். ஞாயிறு ஆராதனை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, வாயில் டார்ச்சைக் கவ்வியபடி, கிட்டார் பெடல்களைப் பூட்டிய பலகையைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடிவயிற்றைத் துழாவிக்கொண்டிருப்பார். “ரெண்டே நிமிஷம் பாஸ்டர்” என்பார். ஆடி மாதத்து அம்மன் கோயில் கச்சேரியிலும் அதே கோலம்தான், வசனம் மட்டும் மாறும்: “இரு நைனா, டிலே மண்டையப் போட்டுச்சு.” இவருக்கு வாசிப்பும் வராது, வயரிங்கும் தெரியாது என்பது ஏரியாவின் தீர்ப்பு. அது நியாயமல்ல. வயரிங் அவருக்கு நன்றாகவே தெரியும்; சந்தேகப்படும் வரிசைதான் தலைகீழ். பழுது எப்போதும் மலிவான பொருளில் குடியிருக்கும். அண்ணனின் சந்தேகமோ விலை உயர்ந்த பொருளில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கும். இரண்டும் சந்திப்பதற்குள் முதல் பாட்டு முடிந்துவிடும்.

கணக்கைப் பார்ப்போம். பலகையில் 7 பெடல்கள். ட்யூனர், வா, ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் நான்கும் ஆம்ப்புக்கு முன்னால். கோரஸ், டிலே, ரிவர்ப் மூன்றும் ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில், அதாவது ப்ரீ ஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவில். காரணம் சரியானதே: ப்ரீ ஆம்ப்பின் கரகரப்புக்குப் பிறகு எதிரொலி சேர்ந்தால் தெளிவாகக் கேட்கும், எதிரொலியையே கரகரக்க வைத்தால் எல்லாம் கூழாகிவிடும். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு 9 கேபிள் வேண்டும். 9 கேபிளுக்கு 18 முனை. முனைக்கு இரண்டு வீதம் ஈயம் பற்றவைத்த இடங்கள் 36. அதில் ஒன்று ஈயம் சரியாகப் பிடிக்காத டிரை சால்டர் ஆனாலே போதும், சத்தம் போய்விடும். கிட்டாரை நேராக ஆம்ப்பில் செருகிப் பார்த்து, பிறகு வரிசையைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால் இரண்டு மூன்று சோதனையில் எந்தப் பெடலுக்குப் பக்கத்தில் கோளாறு என்று தெரிந்துவிடும். அண்ணன் அப்படிச் செய்வதில்லை. தவணையில் வாங்கிய டிலேயைத்தான் முதலில் கழற்றுவார். அடுத்து ஆம்ப்பின் மேல் பழி. அதற்கடுத்து கிட்டாரின் பிக்கப். ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்கு வாங்கிய ஜாக்குக்குக் கடைசி வரை நற்சான்றிதழ்.

இந்த ஏரியாவில் ஜாக்குகளுக்கு இன்னொரு எதிரியும் உண்டு: காசிமேட்டுப் பக்கமிருந்து வீசும் உப்புக் காற்று. ஆம்ப்பின் ரிட்டர்ன் ஜாக்குக்குள் பெரும்பாலும் ஒரு சின்னத் தகடு இருக்கும். லூப்பில் எதுவும் செருகாதபோது சென்ட்டையும் ரிட்டர்னையும் இணைப்பது அதுதான். அதில் களிம்பு ஏறினால், லூப்பைத் தொடாமல் வாசிக்கும் நாளிலும் சத்தம் விட்டு விட்டு வரும். அண்ணன் உடனே பவர் ஆம்ப்புக்குச் சாவு ஓலை எழுதிவிடுவார். சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு பேட்ச் கேபிளைப் போட்டுப் பார்த்தாலே போதும். சத்தம் திரும்பினால் குற்றவாளி அந்தத் தகடு. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகக்கூடியது.

“நம்ம ஏரியா கரண்ட் சரியில்லப்பா” என்பது அண்ணனின் முதல் மறுப்பு. ஸ்பீக்கரில் ‘ஹம்’ என்ற இரைச்சல் கேட்பது உண்மைதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல்தான் அது. ஆனால் அதை உள்ளே அழைத்து வருவது பெரும்பாலும் அவருடைய ஒற்றை அடாப்டர். அதிலிருந்து கிளை பிரித்து 7 பெடலுக்கும் கொடுப்பதால், முன்வரிசையின் கிரவுண்டும் லூப்பின் கிரவுண்டும் பலகையில் ஒருமுறை, ஆம்ப்பில் ஒருமுறை எனச் சேர்ந்து வளையமாகிவிடும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியே பிரிந்த பவர் சப்ளை போட்டால் வளையம் அறுபடும். அண்ணன் அறுப்பதோ மூன்று முள் பிளக்கின் எர்த்தை. ஹம் நிற்கலாம், 230 வோல்ட்டுக்கு எதிரே அண்ணனின் முக்கியப் பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

விலை உயர்ந்த பெடல் பழுதாவதே இல்லையா என்பது இரண்டாவது மறுப்பு. ஆகும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் பல அடாப்டர்களில் நடு முனை பாசிட்டிவ். அவசரத்துக்கு அதைச் செருகினால் பெடல் கருகவும் வாய்ப்புண்டு. அங்கேயும் கொலைகாரன் மலிவான பொருள்தான். விலை உயர்ந்தது வெறும் பிணம்.

ஆனாலும் இவரில்லாமல் எந்த மேடையும் நடக்காது என்பார்கள் அண்ணனின் ஆதரவாளர்கள். அது முழு உண்மை. என் வாதத்துக்குப் பெரிய சாட்சியும் அதுவே. கீபோர்டு வாசிப்பவர் “ண்ணா, சவுண்டு வர்ல” என்றால், அண்ணன் கீபோர்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நேரே வயரைப் பிடித்து ஆட்டி, முனையை மாற்றி, அரை நிமிடத்தில் எழுந்துவிடுவார். அடுத்தவர் பொருளில் பழுது வெறும் பழுது. தன் பொருளில் மட்டும், தான் கட்டிய தவணைக்கு ஈடான கோளாறாக அது இருக்க வேண்டும் என்று மனசு அடம்பிடிக்கிறது. எனவே சபையாருக்கும் கச்சேரிக் குழுவுக்கும் ஒரு யோசனை: அண்ணனின் பலகை மேல் ஒரு துணியைப் போர்த்தி, பெரம்பூர்க்காரர் ஒருவருடையது என்று சொல்லி அவரிடமே நீட்டுங்கள். பாட்டு சரியான நேரத்துக்குத் தொடங்கும்.