ஒண்ணுமே சாப்பிடலை டாக்டர்

டோக்கன் முறையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பேட்டை நாய் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற விதத்தில் உள்ள அநியாயத்தை ஆதியோடந்தமாகச் சொல்லி, என்னிடம் இருக்கும் மாற்றுத் திட்டத்தையும் முன்வைப்பதாக உத்தேசம். நேற்று ராத்திரி வீட்டுக்குள் நுழையும்போதே மனசில் வாக்கியங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. "முதல்ல சாப்பிடு" என்றார் கணவர். சாப்பாடு என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம், ஐந்தாம் நம்பர்.

ஐந்தாம் நம்பர் ஒரு லேப்ரடார். நானும் எங்கள் மணியும் ஒன்பது. டாக்டர் அறைக்கும் நாங்கள் காத்திருக்கும் ஹாலுக்கும் நடுவே இருப்பது ஓர் அரைக்கதவு. அதற்குக் கீழே நாயின் வால் தெரியும், மேலே டாக்டரின் வழுக்கை தெரியும். உள்ளே நடக்கும் பேச்சு எங்கள் எல்லோருக்கும் பொது.

"ஒண்ணுமே சாப்பிடலை டாக்டர்."

இதை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். சொல்லாதவர் வீட்டில் மீன் தொட்டிதான் இருக்கும்.

டாக்டர் எடை மேடையைப் பார்த்து, "நாப்பத்தாறு" என்றார். வளர்ந்த ஆண் லேப்ரடாருக்கு 36 கிலோ இருந்தாலே தாராளம். ஒன்றுமே சாப்பிடாமல் மேற்கொண்டு பத்து கிலோ எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன். அதனால்தான் அவர் உள்ளே இருக்கிறார், நான் வெளியே இருக்கிறேன்.

"காலையில என்ன கொடுத்தீங்க?"

"காலையில ஒண்ணும் கிடையாது டாக்டர். வெறும் பால்தான்."

"வெறும் பாலா?"

"ரெண்டு பிஸ்கெட் போட்டு."

"ரெண்டுதானா?"

இங்கே அம்மணி குறுக்கிட்டார். "எனக்குத் தெரிஞ்சு ரெண்டு. நான் வாக்கிங் போனப்புறம் இவர் எவ்வளவு போடறார்னு எனக்குத் தெரியாது டாக்டர்."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் மத்தியானம் வரைக்கும் பச்சைத் தண்ணி கிடையாது. நாங்க டிபன் சாப்பிடும்போது மட்டும் பக்கத்துல வந்து உக்காந்து மூஞ்சியையே பாத்துட்டு இருப்பான். மனசு கேக்காது. ஒரு இட்லி."

"ஒரு இட்லி."

"ஆளுக்கு ஒரு இட்லி."

வீட்டில் எத்தனை பேர் என்று டாக்டர் கேட்டார். கூட்டுக் குடும்பமாம்.

நாய்க்குப் போடுகிற சாப்பாட்டுக்கு நம் வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. எந்த ஆடிட்டராலும் அதில் கை வைக்க முடியாது. நாய்க்கென்று வைத்திருக்கும் கிண்ணத்தில் போட்டால்தான் அது வரவு. கையால் ஊட்டியது வராது, அது பாசம். கீழே சிந்தியது வராது, அது துப்புரவு. குழந்தை பள்ளியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த டிபன் பாக்ஸ் வராது, அது சிக்கனம். பிரசாதத்தைச் சேர்த்தால் பாவம். தாத்தா கொடுப்பதைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது, தாத்தாவுக்கே தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்கு பிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டு வந்து நின்றதற்காகக் கொடுத்த சீஸ் துண்டு எந்தத் தேதியில் சேரும் என்று குழப்பம் வருவதால் அதையும் விட்டுவிடுவார்கள். இவை எல்லாம் போக, கிண்ணத்தில் போட்ட தயிர்சாதத்தை அந்த ஜீவன் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறதே, அதுதான் "ஒண்ணுமே சாப்பிடலை."

இதில் பண்டிகைக் கணக்கு தனி. நவராத்திரி ஒன்பது நாளும் சாயங்காலம் சுண்டல். அதுவும் நம் வீட்டுச் சுண்டல் மட்டுமில்லை, வெற்றிலை பாக்கோடு அக்கம்பக்கத்திலிருந்து வந்து சேர்கிற சுண்டலும்தான். மனிதர்களே தாங்காத கடலைப் பருப்புச் சுண்டலை வீட்டில் யார் தின்று தீர்ப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆடியில் கூழ். கார்த்திகையில் பொரி உருண்டை. அமாவாசைக்குக் காக்காய்க்கு வைத்த சோற்றைக் காக்காய் வருவதற்குள் முடித்துவிடுகிற நாயை எனக்குத் தெரியும். முன்னோர் எந்த ரூபத்தில் வந்தால் என்ன என்று அந்த வீட்டில் திருப்தியாக இருக்கிறார்கள்.

புரட்டாசி இன்னும் விசேஷம். வீடே கவுச்சியை விட்டுவிட, நாயும் விட்டுவிடும். "எங்க டைகர் ஒரு மாசம் சுத்த சைவம்" என்று பெருமையாகச் சொல்வார்கள், டைகர் தானே சங்கல்பம் செய்துகொண்ட மாதிரி. ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு மாதப் பாக்கியையும் சேர்த்து ஆட்டுக் கொழுப்பாக டைகருக்குப் பட்டுவாடா ஆகும். திடீரென்று இவ்வளவு கொழுப்பை உள்ளே தள்ளினால் நாய்க்குக் கணையம் வீங்கிக்கொள்ளும். வயிறு வலித்து, முன்னங்கால்களை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கியபடி நிற்கும். "சாஷ்டாங்கமா நமஸ்காரம் பண்றான் டாக்டர், ஆனா ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறான்."

டோக்கனுக்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. லேப்ரடார் என்ற இனத்தின் மீது எனக்குக் கோபமில்லை. அதன் பசி அதன் தவறில்லை. 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். "வயிறு நிறைந்தது, போதும்" என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோவதில் பங்குள்ள ஒரு ஜீன் இருக்கிறது. லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு அந்த ஜீனில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது. அந்த நாய்களுக்குச் சாப்பாட்டு ஆசையும் அதிகம், எடையும் அதிகம். இதை நான் பக்கத்து நாற்காலிக்காரரிடம் எடுத்துச் சொன்னேன். அவரும் லேப்ரடார் வைத்திருக்கிறார். "எங்களவன் அந்த டைப் இல்லை மேடம். அவன் ஏகாதசி விரதமே இருப்பான்" என்றார். அந்த விரதி என் கைப்பையின் பட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது.

உள்ளே விசாரணை மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டி சாயங்கால டீக்கு வந்திருந்தது. டீயுமா என்று டாக்டர் கேட்க, "டீ இல்லை டாக்டர், அடியில கொஞ்சம் ஆடை" என்று பதில் வந்தது. சுவரில் டாக்டரின் பட்டம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வேப்பேரிக் கல்லூரி. 1903-லிருந்து நடக்கிற கல்லூரி. ஐந்தரை வருஷப் படிப்பு. மாட்டின் நான்கு அறை வயிறு, குதிரையின் குளம்பு, கோழியின் வெள்ளைக்கழிச்சல் எல்லாவற்றையும் அங்கே சொல்லித் தருகிறார்கள். ஆடையைக் கணக்கில் சேர்க்காத மனிதரை எப்படிப் பேசவைப்பது என்று சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. மனித டாக்டர்களின் பாடு தேவலை. இங்கே நோயாளிக்குப் பேசத் தெரியாது, கூட வந்தவருக்கு உண்மை பேசத் தெரியாது. ஈறு வெளுத்திருக்கிறதா, தோலைக் கிள்ளி விட்டால் சட்டென்று படிகிறதா, பின்னால் வைத்த தெர்மாமீட்டர் 102.5-க்கு மேல் போகிறதா என்று பார்த்துப் பார்த்து, அந்த மனிதர் சாட்சியே இல்லாத வழக்கை நடத்திக்கொண்டிருக்கிறார்.

நேற்று சாட்சி கிடைத்தது. லேப்ரடார் வயிற்றை எக்கி எக்கி, அரைக்கதவுக்கு இந்தப் பக்கம் வந்து, ஹாலின் நட்டநடுவில் எல்லாவற்றையும் கக்கியது. பட்டாணி முழுசாக இருந்தது. நூடுல்ஸ் நீளமாக இருந்தது. ஒரு முந்திரிப் பருப்பு, யார் கண்ணிலும் படாமல் பாயசத்திலிருந்து தப்பி வந்திருக்க வேண்டும். கறிவேப்பிலையை மட்டும் நன்றாக மென்றிருந்தது. மனிதர்கள் ஒதுக்கி வைப்பதை ருசித்துச் சாப்பிட்டிருக்கிறது, பாவம்.

டாக்டர் குனிந்து பார்த்தார். ஹாலே குனிந்து பார்த்தது.

"இது என்ன சார்?"

"இது நேத்து சாப்பிட்டது டாக்டர்."

"நேத்தும் ஒண்ணும் சாப்பிடலைன்னீங்க."

"சாப்பாடு சாப்பிடலை டாக்டர்."

இதைத் துடைக்க உதவியாளர் மாப்பும் பினாயிலுமாக வர, ஆறாம் நம்பர் பூனை பினாயில் வாசனையில் கூடைக்குள் உருமத் தொடங்கியது. அந்தப் பூனைக்காரப் பெண், "லேசா ஜுரம் மாதிரி இருந்துது, நம்ம பாராசிட்டமால்ல பாதி உடைச்சுக் குடுக்கலாமான்னு யோசிச்சேன்" என்றார். ஹாலில் இருந்த பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூனையின் ஈரலுக்குப் பாராசிட்டமாலைச் செரிக்கத் தெரியாது; அந்தப் பாதி மாத்திரையே அதைக் கொன்றுவிடும். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாக்லேட் அதன் இதயத்தைப் படபடக்க வைக்கும். திராட்சை சிறுநீரகத்தில் கை வைக்கும். பிரியாணியில் வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். தயிர்சாதம் சாப்பிடவில்லை என்பதற்காக அழுகிறவர்கள் இதையெல்லாம் பாசத்தோடு ஊட்டுகிறார்கள். சொன்னால், "எங்க வீட்டு ஜிம்மி பதினாலு வருஷம் பிரியாணியிலதான் வளர்ந்துது" என்பார்கள். எல்லார் வீட்டிலும் பழங்காலத்தில் ஒரு ஜிம்மி இருந்திருக்கிறது. அந்த ஜிம்மிகளின் பேச்சுக்கு முன்னால் எந்த மருத்துவமும் எடுபடாது.

எங்கள் மணியின் விஷயம் வேறு. அவன் நாட்டு நாய், தெருவிலிருந்து வந்தவன். காதில் சீழ் வைத்துத் தலையை உதறிக்கொண்டே இருந்தான், அதற்காகத்தான் போனோம். சாப்பாட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. காலையில் ஒரு தோசை, அதுவும் முறுகலான ஓரம் மட்டும். நடுப்பகுதியை மாமியார் தனியாகக் கொடுப்பார்கள், அது அவர்கள் இஷ்டம். மத்தியானம் அளந்துதான் போடுகிறேன். சாயங்காலம் நான் முறுக்கு சாப்பிட்டால் அவனுக்கும் ஒரு துண்டு, காதுக்கும் முறுக்குக்கும் சம்பந்தமில்லை. டாக்டர் கேட்டால் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். கேட்க வேண்டுமே. ஐந்தாம் நம்பர் முடிந்தால்தானே கேட்க முடியும்.

டோக்கன்.

டோக்கனில் உள்ள முதல் கோளாறு, உதவியாளர் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். "பிரூனோ!" என்றார். மூன்று குடும்பங்கள் எழுந்தன. "கே. பிரூனோ" என்று இனிஷியலோடு கூப்பிட்டதும் இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்தன. வீட்டுப் பிள்ளை என்றால் அப்பா பெயரின் முதலெழுத்து இல்லாமலா? பிறகு "மணி!" என்றார். வாசலில் சவாரிக்குக் காத்திருந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். நான் அடியெடுத்து வைப்பதற்குள், "உங்க மணி இல்லைம்மா, மணி என்ன ஆச்சுன்னு கேட்டேன்" என்றார் உதவியாளர். மணி எட்டேகால் ஆகியிருந்தது.

இதற்குள் ஹாலில் மாத்திரை மாநாடு ஆரம்பித்திருந்தது. எதற்குள் ஒளித்து வைத்தால் நாய் மாத்திரையை விழுங்கும் என்பது பொருள். வாழைப்பழம் என்றார் ஒருவர். வெண்ணெய் என்றார் இன்னொருவர். பன்னீர் என்றவரைப் பார்த்து, பன்னீரை மென்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்புகிற நாய்களைப் பற்றிப் பலரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒன்றுமே சாப்பிடாத நாய்கள் இவை எல்லாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் நான் நின்றுகொண்டிருந்தேன். பினாயிலுக்கு இடம் விட்டு எழுந்தவள், திரும்பி வருவதற்குள் என் நாற்காலியில் ஒரு கோல்டன் ரெட்ரீவர் உட்கார்ந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் அதன் எஜமானர். செல்போனில் இருந்தார். நான் அந்த நாற்காலியையே பார்ப்பதைக் கண்டு, "பயப்படாதீங்க மேடம், கடிக்காது" என்றார்.

இந்த உத்தரவாதம் எனக்குப் புதிதில்லை. உங்களுக்கும் இல்லை. சங்கிலியை நாலு முழம் விட்டுப் பிடித்துக்கொண்டு, லிப்டில், மாடிப்படியில், டாக்டர் ஹாலில் எல்லா இடத்திலும் தருகிறார்கள். நாயிடம் கேட்டுக்கொண்டு சொன்னதாக ஒருவரும் சொன்னதில்லை. லூயி பாஸ்டர் 1885-ல் ஒன்பது வயதுப் பையனுக்கு முதல் வெறிநாய்க்கடி ஊசி போட்டார். அவர் புண்ணியத்தில் இன்றைக்கும் ஊசி இருக்கிறது, உயிர் பிழைக்கிறோம். அரசு ஆஸ்பத்திரியில் கடிபட்ட அன்றைக்கு ஒன்று, பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். கடிக்காது என்று சொன்ன மனிதர் இந்த நாலு நாளில் ஒரு நாளாவது நம்மோடு வரிசையில் வந்து நிற்பாரா?

"உங்களது கடிக்காதுன்னு தெரியுது சார்" என்றேன். "எங்களது கடிக்கும்."

மணி அந்த நேரம் பார்த்துக் காது வலியில் பல்லைக் காட்டினான். மனிதர் எழுந்தார், ரெட்ரீவர் இறங்கியது. காலியான நாற்காலிகளில் ஒன்றில் நான் உட்கார்ந்தேன். இன்னொன்றில் மணி.