புழல் டு துபாய்

முகவரியில் புழல் என்றாலே, "எப்போ ரிலீஸ்?" என்று கேட்கிற ஊர் சென்னை. அங்கே சிறை மட்டுமல்ல, ஏரியும் இருக்கிறது என்றால் எவன் நம்புகிறான்? அந்தப் புழல்காரர்கள்தான் துபாய் கிளம்பும்போது குருமாவுக்கென்று கால் கிலோ கசகசாவைத் துணி மடிப்புக்குள் சொருகுகிறார்கள். நம் மளிகைச் சாமான் அமீரகத்தில் போதைப்பொருள் கணக்கு. அகப்பட்டால் அங்கேயும் ஒரு புழல் உண்டு. செங்குன்றம் பஸ் பழக்கத்தில் மெட்ரோவில் முறுக்கைக் கடித்தால் 100 திர்ஹாம் அபராதம். ஆண்கள் மகளிர் பெட்டியில் ஏறினாலும் அதே 100. முன்பின் தெரியாதவர்களைக் கேட்காமல் படமெடுப்பதோ குற்றம்.

இத்தனையும் மகன் போனில் விளக்கி முடித்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்:

"சரிப்பா, முந்திரி அரைச்சு ஊத்துனா பிடிப்பாங்களா?"