‘ஊர் வந்தாச்சா?’: ஒரு வினாவின் இலக்கணமும் இயக்கமும்

‘ஊர் வந்தாச்சா?’ என்பது நெடும்பயணத்தின்போது காரின் பின் இருக்கையில் பிறக்கும் வினா. கேட்பவருக்குப் பெரும்பாலும் மூன்று வயதுக்கு மேல், எட்டுக்குள். கேட்கப்படுபவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குச் சாலைவழி 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தப் பயணத்தில் இவ்வினா முதலில் எழும் இடம் பெருங்களத்தூர். மாமல்லபுரம் போகிற குடும்பத்திலோ திருவான்மியூரிலேயே எழுந்துவிடும். ஆகவே வினா எழும் இடத்துக்கும் ஊரின் தொலைவுக்கும் தொடர்பில்லை என்பதை முதற்கண் கொள்ளலாம்.

இதன் இலக்கணத்தைக் காண நன்னூலுக்குத்தான் போகவேண்டும். பவணந்தி முனிவர் வினாவை ஆறாக வகுத்தார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பள்ளியில் இந்த ஆறையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள்கூட, ஒரே வினா ஒரே நாளில் ஆறில் பலவாக உருமாறுவதைத் தகப்பனானபின்தான் காண்கிறார்கள். பெருங்களத்தூரில் அது அறியா வினா. குழந்தைக்கு உண்மையிலேயே தெரியாது. கூடுவாஞ்சேரி தாண்டுகையில் அறிவினா ஆகிவிடுகிறது. ஊர் வரவில்லை என்று கேட்பவருக்கு நன்றாகத் தெரியும்; ஆசிரியர் மாணவனைக் கேட்பதுபோல, விடை சொல்பவருக்குத் தெரிகிறதா என்றே சோதிக்கிறார். பரனூர் டோல்கேட்டில் கொளல் வினா: கேட்கப்படுவது ஊர், வேண்டப்படுவது முன் இருக்கையில் அம்மாவின் காலடியில் இருக்கும் பையிலுள்ள முறுக்கு. விக்கிரவாண்டி நெருங்கும்போது ஏவல் வினா; வண்டியை உடனே நிறுத்து என்பது அதன் பொருள், நிறுத்தத் தவறினால் விளைவு இருக்கைக்கு. ஐய வினா தூங்கி எழுந்த வேளையில் மட்டும் தோன்றும்: “இது ஊரா, டீக்கடையா?” கொடை வினா அரிது. காலி சிப்ஸ் பாக்கெட்டை முன்னால் நீட்டும்போது காணப்படுகிறது.

விடைக்கு நன்னூல் எட்டு வகை சொல்கிறது. பெற்றோர் எட்டையும் ஒரே பயணத்தில் செலவழித்துவிடுவர். முதல் மூன்று நேர்விடைகள். “அதோ காத்தாடி சுத்துது பார், அதுக்கு அந்தாண்ட” என்பது சுட்டு. கயத்தாறு வந்தபின் சொன்னால் இது ஓரளவு உண்மை, திண்டிவனத்தில் சொன்னால் பொய். “இல்லை” என்பது மறை. “வந்தாச்சு, வந்தாச்சு” என்பது நேர். மூன்றிலும் ஆபத்தானது இதுவே, ஏனெனில் குழந்தை செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கப் பார்க்கும். எஞ்சிய ஐந்தும் மறைமுக விடைகள். அவற்றில்தான் பெற்றோரின் திறமை வெளிப்படுகிறது. “அம்மாட்ட கேளு” என்பது ஏவல். “வராம எங்க போயிடும்?” என்பது வினா எதிர் வினாதல். “கழுத்து வலிக்குதுடா” என்பது உற்றது உரைத்தல். “இப்படிக் கத்தினா தொண்டை கட்டிக்கும்” என்பது உறுவது கூறல். “திருச்சி வந்தாச்சு” என்பது இனமொழி. கேட்டது வேறு ஊர், சொன்னது வேறு ஊர், ஆனாலும் ஏதோ ஓர் ஊர் வந்துவிட்ட நிறைவு இருபுறமும் உண்டாகிறது. எட்டில் மிக நன்றாக வேலை செய்வது இதுதான். சாலையில் மதுராந்தகம், உளுந்தூர்பேட்டை, விராலிமலை, மேலூர், சாத்தூர் என்று ஊர்களுக்குக் குறைவில்லை.

ஓட்டுபவர் கணினித் துறைக்காரராக இருந்தால் இலக்கணத்தோடு நிற்பதில்லை. அவர் காதில் இது ‘போலிங்’ என்று விழுகிறது. ஒரு கருவியிடம் வேலை முடிந்ததா என்று செயலி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருப்பது போலிங். முடிந்ததும் கருவியே கூப்பிட்டுச் சொல்வது ‘இன்டரப்ட்’. பின்னதுதான் சிக்கனம். “ஊர் வந்ததும் நானே சொல்றேன், அதுவரைக்கும் கேட்காதே” என்று இவர் இன்டரப்ட் முறையை முன்மொழிவார். குழந்தை தலையாட்டும். அடுத்த பாலம் வரை ஒப்பந்தம் நீடிக்கும்.

அடுத்து அவர் நாடுவது ஈதர்நெட். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1973-ல் உருவாகத் தொடங்கிய இந்த வலையமைப்பைப் பற்றி ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் 1976-ல் கட்டுரை வெளியிட்டனர். ஒரே கம்பியில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்தியும் மோதிக் கெடும். அப்போது இரண்டும் வாயை மூடி, தன்னிச்சையான ஓர் இடைவெளி விட்டுத் திரும்ப முயலவேண்டும். மறுபடி மோதினால் அந்த இடைவெளியின் உச்ச வரம்பு இரட்டிப்பாகும், அதற்கும் மேல் மோதினால் மீண்டும் இரட்டிப்பு. பத்து மோதலுக்குப்பின் வரம்பு வளர்வது நிற்கும். பதினாறு முயற்சியும் தோற்றால் செய்தி கைவிடப்படும். (பதினாறு என்ற எண்ணை வாழ்த்தாக மட்டுமே கேட்டுப் பழகிய தமிழ்ப் பெற்றோர் இதைக் கவனிக்க.) பின் இருக்கையில் அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் கேட்டால் நடப்பது இதற்கு நேர் எதிர். மோதல் நிகழ்ந்ததும் இருவரும் இடைவெளியைக் குறைத்து ஒலியைக் கூட்டுகிறார்கள். பதினாறுக்குப்பின் கைவிடுவதாகவும் தெரியவில்லை.

முன்னேற்றப் பட்டை வைத்தும் பார்க்கப்படுகிறது. காத்திருப்பவருக்கு எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டினால் அவர் அமைதியடைகிறார் என்பதை பிராட் மையர்ஸ் 1985-ல் எழுதினார். அன்றிலிருந்து உலகில் திரையில்லாத் தவிப்பு குறைந்து திரையுள்ள தவிப்பு கூடியது. “முப்பத்தஞ்சு சதவீதம் வந்துட்டோம்” என்று ஓட்டுபவர் அறிவிக்கிறார். “சதவீதம்னா என்னப்பா?” என்று கேள்வி வருகிறது. முதல் வினா முடியாமலே அதனுள் இன்னொன்று திறந்துவிட்டது. அதை விளக்கப் புகுந்தால் ‘நூறு ஏன் நூறு?’ என்று மூன்றாவது திறக்கும். ஒன்றும் மூடப்படாமல் அடுக்கிக்கொண்டே போனால் நினைவகம் நிரம்பி நிரல் விழுந்துவிடும் என்பதை அறிந்தவர் ஆகையால், அவர் பாட்டு வைத்துவிடுகிறார்.

“இன்னும் பத்து நிமிஷம்” என்ற விடை தனியாக ஆராயத்தக்கது. இது அளவு அன்று, மாறிலி. உளுந்தூர்பேட்டையிலும் பத்து நிமிஷம், சாத்தூரிலும் பத்து நிமிஷம். எந்த வேலையும் நினைத்ததைவிட அதிக நேரம் எடுக்கும், இந்த விதியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டாலும் அப்படியே எடுக்கும் என்று டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் 1979-ல் சொன்ன விதிக்கு மென்பொருள்துறை முழுவதும் சாட்சி. அந்தத் துறையில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் சொல்லும் “ரெண்டு நாள்ல முடிச்சிடலாம் சார்” என்பதும் இந்தப் பத்து நிமிஷமும் ஒரே பட்டறையில் செய்தவை. குழந்தை இதை வெகுசீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறது. வாடிக்கையாளருக்குச் சில வருடங்கள் ஆகும்.

இவ்வளவும் தோற்பதற்குக் காரணம், வினாவைத் தகவல் கோரிக்கை என்று எடுத்துக்கொண்டதே. இது ‘பிங்’. அமெரிக்க ராணுவத்தின் எறியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் ஒரே மாலைப்பொழுதில் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனாரின் ஒலியைப் பெயராகக் கொண்டது. ஒரு கணினி இன்னொன்றுக்குச் சிறு பொட்டலம் அனுப்பும். மற்றது அதை அப்படியே திருப்பி அனுப்பும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதில் யாருக்கும் அக்கறையில்லை. மறுமுனை உயிரோடு இருக்கிறதா, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பதே செய்தி. முன் இருக்கையில் பெரியவர்கள் இருவரும் வீட்டுக்கடன் பேச்சில் மூழ்கிவிட்டால் பின்னாலிருந்து வினா அடிக்கடி வருவதும், அவர்கள் திரும்பி அந்தாக்ஷரி ஆடத் தொடங்கினால் வினா அறவே நின்றுபோவதும் இதனால்தான். அந்தாக்ஷரி நடக்கையில் ஊர் ஒரு மீட்டர்கூடக் கூடுதலாக நெருங்கிவிடுவதில்லை. ஆனால் மறுமுனை உயிரோடு இருக்கிறது. அரைக் கவனத்தில் வரும் “ம்ம்” என்ற விடையைக் குழந்தை ஏற்காமல் உடனே திரும்பக் கேட்பதற்கும் காரணம் இதுவே: பொட்டலம் வந்து சேரவில்லை.

தின்பண்ட வழியும் உண்டு, ஆனால் பண்டத்தின் கடினம் முக்கியம். சாத்தூர் காராச்சேவு வாயில் போட்டதும் கரைந்து, காரத்தால் தண்ணீர் என்ற புதிய வினாவையும், சிறிது தொலைவில் வண்டியை நிறுத்தவேண்டிய பழைய வினாவையும் கிளப்பும். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பல்லில் ஒட்டிக்கொள்ளும் தன்மையால் மேலானது. துரதிர்ஷ்டவசமாக, கோவில்பட்டி வரும்போது திருநெல்வேலிக்கு ஒரு மணி நேரமே பாக்கி. தேவைப்படும் இடம் செங்கல்பட்டு. எனவே போன பயணத்தில் வாங்கியதை மிச்சம் வைத்திருக்கும் குடும்பமே பிழைக்கும்.

குழந்தை எழுத்துக்கூட்டத் தொடங்கியதும் வினா மறைகிறது. மஞ்சள் தலை வைத்த மைல்கல் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநிலச் சாலை என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதன்பின் கேட்பதில்லை, அறிவிக்கிறது: “மதுரை 74!” ஒரு நிமிடத்துக்குள் “மதுரை 73!” மதுரை ஒன்றாகும் வரை இது நடக்கும். முன்பு விடை சொல்லவேண்டியிருந்த பெற்றோர் இப்போது ஒவ்வொரு கல்லுக்கும் “அப்படியா!” என்று வியக்கவேண்டும், உழைப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

திரும்பும் பயணத்தில், குறிப்பாகப் பொங்கல் விடுமுறையின் கடைசி நாள் இரவில், வினா இடம் மாறுகிறது. பின் இருக்கை தூங்கிவிட்டிருக்கும். பரனூருக்குப்பின் சாலை முழுக்கச் சிவப்பு விளக்குகள். மறுநாள் காலை அலுவலகம். ஓட்டுபவர் போனில் மேப்பைத் தொடுகிறார்: வீடு, 1 மணி 10 நிமிடம். கூடுவாஞ்சேரியில் தொடுகிறார்: 1 மணி 15 நிமிடம். வண்டலூரில் தொடுகிறார். வண்டி பத்தடி நகர்ந்து நின்றதும் மறுபடியும் தொடுகிறார். பக்கத்தில் இருப்பவர் கண்ணைத் திறக்காமல், “பெருங்களத்தூர் வந்தாச்சா?” என்று கேட்கிறார். “இன்னும் பத்து நிமிஷம்” என்று விடை வருகிறது.