பங்காளிகள் கம்பெனி

தொழில்முனைவோரை உந்துவது கனவு, தொலைநோக்கு என்று பயிலரங்குகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள். பங்காளிச் சண்டையை யாரும் பாடத்தில் சேர்ப்பதில்லை.

ஜெர்மனியின் ஹெர்சோகனவுராக் என்னும் சிற்றூரில் அண்ணன் ருடால்ஃப் டாஸ்லரும் தம்பி அடால்ஃபும் சேர்ந்து விளையாட்டுக் காலணி செய்துவந்தார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் அணிந்ததும் அதைத்தான். பிறகு பேச்சு நின்றது. ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு கதை. 1948-இல் அண்ணன் பூமா தொடங்கினார். விடுவாரா தம்பி? 1949-இல் அடிடாஸ். ஆற்றுக்கு அக்கரையில் ஒன்று, இக்கரையில் ஒன்று. ஊர்க்காரர்கள் எதிரே வருபவரின் காலைப் பார்த்த பிறகுதான் வணக்கம் சொல்வார்களாம். சமரசம் பேச ஒரு நல்ல மாமா இருந்திருந்தால் உலகத்துக்கு ஒரு பிராண்டு குறைந்திருக்கும்.

கடைசியில் இருவருக்கும் கல்லறைத் தோட்டம் ஒன்றே, இடம் மட்டும் எதிரெதிர்க் கோடியில். போட்டியாளருக்குப் பக்கத்தில் யாராவது கடை போடுவார்களா?